மூன்றாம் ஓலை

மாணவியர் விடுதி, பதுளை
25.02.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் பிடித்த சளித் தடிமன் விட்டுவிட்டது. சாப்பாடு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. உங்கள் முழங்கால் எப்படி? அட்டை கடித்த இடம் ஆறியதா?

ஒரு விசேஷம். நேற்று சிஸ்டர் எங்களைப் பொது நூலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு தடித்த உளவியல் புத்தகம் கிடைத்தது. இருபது வயதுக்கு மேல் மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள், எப்படி முதுமை அடைகிறார்கள் என்பதுதான் முழுப் புத்தகமும். நூலகத்தில் இருக்கும் ஸித்தி ஸுபைதா மிஸ் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு, மகள்? வீட்டில யாருக்கும் மனசு சரியில்லையா?" என்றார். "எல்லாரும் நல்லா இருக்காங்க மிஸ். அதனாலதான் பார்க்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார்.

பிள்ளைகள்தான் வளர்வார்கள், பெரியவர்கள் வளர்ந்து முடிந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். சாகும்வரை வளர்ச்சி நிற்பதில்லையாம். இருபதுகளில் ஒருவர் தமக்கேற்ற தொழிலைத் தேடுவார் என்று ஓர் இடத்தில் இருக்கிறது. நீங்கள் பதினெட்டிலேயே தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டீர்கள். தேடுவதற்கு எங்கே நேரம்? இதை ஓரத்தில் எழுதக் கை துடித்தது. நூலகப் புத்தகம் என்பதால் விட்டுவிட்டேன்.

இனி உங்களுக்குக் கேள்விகள். உங்கள் மனதுக்கு என்ன வயது? கடைசியாகப் புதிதாக எதைக் கற்றுக்கொண்டீர்கள்? பத்து வருஷத்தில் எப்படி இருக்க ஆசை? உண்மையாகப் பதில் எழுதுங்கள். அப்பா போய் எட்டு வருஷமாக எனக்காகவே எல்லாம் செய்கிறீர்கள். உங்களுக்காகவும் ஏதாவது செய்ய வேண்டும்.

பெரியப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
அனுஷ்கா


பூனாகலை
17.03.2024

அன்பு மகள் அனுஷ்காவுக்கு அம்மா எழுதுவது.

மாதா துணையில் உயிரோடும் வேலையோடும் இருக்கிறேன். முழங்கால் ஏற்றத்தில் தெரிவதில்லை, இறக்கத்தில்தான் சொல்லிக் காட்டுகிறது. நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு திரியாதே.

பெரியப்பாவுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிந்தது. காலையில் எல்லோரும் கூடுகிற பெரட்டுக் களத்தில் நின்று ஆள் பிரித்துவிட்ட கங்காணி. இப்போது பிரிக்க ஆள் இல்லை. லயத்து வீட்டு வாசலில் நிற்கிறார். "இருதயம், இன்னைக்கு எந்த மலை?" என்று என்னைக் கேட்கிறார். சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இன்னமும் விறகு பிளந்து போடுகிறார்.

உன் கேள்வி. பெரட்டில் பேர் கூப்பிடும்போது என் வயது நாற்பத்தாறு. கூடை நிறைந்தால் அறுபது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு லொறிக்காகக் காத்திருக்கிற கொஞ்ச நேரம் என்ன வயதென்று எனக்கே தெரியவில்லை.

புதிதாகக் கற்றது கேட்டாய். சிரிக்கக் கூடாது. கொழுந்து லொறி ஓட்டுகிற ஜீவராஜ், கியர் எப்படி மாற்றுவது என்று காட்டினார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். மற்றப் பெண்கள் கைதட்டினார்கள்.

மூன்றாவது கேள்விக்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி, இருக்கிற மாதிரி இல்லாமல் வேறு மாதிரி வாழ நினைத்தால், உன் புத்தகம் என்ன சொல்கிறது? சும்மாதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


மாணவியர் விடுதி, பதுளை
24.03.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

குருத்து ஞாயிறு. விடுதியில் எல்லோரும் சுகம். உங்களுக்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "சும்மாதான் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் சும்மா கேட்கமாட்டீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டது! கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டுப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கிற வேலைக்குப் போக நினைக்கிறீர்கள். சரிதானே?

புத்தகம் மிகத் தெளிவாகச் சொல்கிறது, அம்மா. நடுவயதில் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர்கள் பின்னால் அதிகம் வருந்துவதில்லை. தொடங்காமல் விட்டவர்கள்தான் வருந்துகிறார்கள். ஆகவே தயங்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று பார்க்க வேண்டாம். பெரியப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். என்னையும் கேட்க வேண்டாம். நான் உங்கள் பக்கம்தான்.

சித்திரை விடுமுறைக்கு வருவேன்.

என்றும் உங்கள்,
அனுஷ்கா


மாணவியர் விடுதி, பதுளை
12.05.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த தேங்காய் ரொட்டியை விடுதித் தோழி ஷிரோமியும் நானும் தின்று தீர்த்துவிட்டோம். நீங்கள் நலமா? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

விடுமுறையில் நீங்கள் என்னை இரண்டு தடவை கூப்பிட்டீர்கள். நான் திரும்பியதும், "ஒண்ணுமில்ல, தேத்தண்ணியக் குடி" என்றீர்கள். மூன்றாம் தடவை பேசத் தொடங்கியபோது பெரியப்பா வாசலில் வந்து நின்றார். நீங்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனீர்கள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

பின்னேரம் மேல் வளைவில் லொறி ஹோர்ன் கேட்டால் மாவு பிசைகிற உங்கள் கை நிற்கிறது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஒங்கம்மாவுக்கு இப்பெல்லாம் காது ரொம்பக் கூர்மை" என்றார். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் மாவை மறுபடி பிசையத் தொடங்கினீர்கள்.

மடுவத்து வேலையைப் பற்றிக் கேட்டபோது, "என்னா வேல?" என்றீர்கள். அப்படியென்றால் மார்ச்சில் நீங்கள் கேட்டது வேறு ஏதோ.

புத்தகத்தில் உடல்நலம் பற்றிய பகுதியைத்தான் இப்போது படிக்கிறேன். உங்கள் வயதில் என்னென்ன வரலாம் என்று இருக்கிறது. படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. டொக்டர் ஏதாவது சொன்னாரா? பெரிய நோய் வருத்தம் என்றாலும் என்னிடம் சொல்லுங்கள். நான் சின்னப் பிள்ளை இல்லை.

உடனே பதில் போடுங்கள்.

பயத்தோடு,
அனுஷ்கா


மாணவியர் விடுதி, பதுளை
07.07.2024, ஞாயிறு

அம்மா,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

மே மாதம் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூனிலும் இல்லை. விடுதியில் போன் பேசவும் விடுவதில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக நினைத்துத் தினமும் செபமாலை சொன்னேன்.

இன்று காலைப் பூசையில் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் முன் வரிசை வாங்குகளில் இருந்தோம். பூசை முடிய சாமி கலியாண ஓலை வாசித்தார். "இந்தப் பங்கைச் சேர்ந்த ஜீவராஜ் என்பவருக்கும், பூனாகலைத் தோட்டத்தைச் சேர்ந்த, காலஞ்சென்ற சந்தியாகுவின் மனைவி இருதயம்மா என்பவருக்கும்..." பிறகு, "இது முதலாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றார்.

ஷிரோமி என் கையைப் பிடித்தாள். "ஒங்கம்மா பேருதானே? ஒங்கப்பா பேருதானே?" என்றாள். பின் வாங்கில் ஒருத்தி, "அனுஷ்கா, கலியாணத்துல பூ ஏந்திட்டுப் போற பொண்ணு நீதானா?" என்று கேட்டாள். நான் எழுந்து வெளியே ஓடினேன். கோயிலே திரும்பிப் பார்த்தது.

அப்பாவின் பேரையும் அந்த ஆளின் பேரையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள்.

இதை நான் கோயிலில் வைத்துத்தானா கேட்க வேண்டும்?

அனுஷ்கா


பூனாகலை
03.07.2024, புதன்

அன்பு மகளுக்கு,

நான் சுகம். முதலில் அதை நம்பு. எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. உன்னைப் பயமுறுத்திவிட்டேன், அதுதான் வருத்தம். பதில் எழுதாமல் இல்லை. எழுதி எழுதி அடுப்பில் போட்டேன்.

இதை நேராக எழுதிவிடுகிறேன். நான் ஜீவராஜைக் கலியாணம் செய்யப் போகிறேன்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. என்னைவிட இளையவர். தம்பி தங்கச்சிகளைக் கரை சேர்க்கிறதிலேயே கலியாணம் பண்ணாமல் இருந்துவிட்டார். முதலில் என்னை அக்கா என்று கூப்பிட்டார். பிறகு எப்படியும் கூப்பிடாமல் இருந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. நானும் பேசாமல்தான் இருந்தேன். உன் கடிதம் வந்தது. தயங்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். யாரையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நீ வேறு எதையோ நினைத்து எழுதியது எனக்குத் தெரியும். ஆனாலும் அதை மடித்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

விடுமுறையில் சொல்ல வாய் வரவில்லை. நம் கோயில் சாமி, "மகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் சாமி" என்றுவிட்டேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன். வரும் ஞாயிறு முதலாம் ஓலை. மூன்று ஞாயிறு வாசித்து யாரும் தடை சொல்லவில்லையென்றால் ஓகஸ்டில் கலியாணம். ஓலை இங்கே நம் கோயிலில்தான் வாசிப்பார்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும்.

அவர் வீடு பதுளையில். நான் அங்கே வந்துவிட்டால் உன் விடுதிக்கு நடந்தே வரலாம்.

கோபம் வந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அம்மா


மாணவியர் விடுதி, பதுளை
14.07.2024, ஞாயிறு

அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்று தெரிந்துகொண்டேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஓலையை மாப்பிள்ளையின் கோயிலிலும் வாசிப்பார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? இன்று இரண்டாம் ஓலை. இன்று ஓடவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நேற்றுப் பெரியப்பா விடுதிக்கு வந்தார். மூன்று பஸ் மாறி வந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். "ஒங்கப்பன் சாகும்போது ஒங்க ரெண்டு பேரையும் என் கையிலதான் புடிச்சுக் குடுத்தான்" என்றார். பிறகு, "இது வயசுக் கோளாறு புள்ள. இந்த வயசுல பொம்பளைகளுக்குப் புத்தி தடுமாறும். நீ படிக்கிற பொஸ்தகத்துல இருக்குமே. நான் சொன்னா சாமி கேக்க மாட்டாரு. நீ எழுதிக் குடுத்தா கேப்பாரு" என்றார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

புத்தகத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. உங்களுக்காக எழுதி அனுப்புகிறேன்: "நடுவயதில் சிலர், இளமை கைநழுவிப் போவதாக அஞ்சி, முன்பின் யோசியாமல் தம் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள முனைவர். தமக்குப் பொருந்தாத உறவுகளை நாடுவர். இதனை நடுவயது நெருக்கடி என்பர்."

தயவுசெய்து யோசியுங்கள். இது கடந்து போய்விடும்.

அனுஷ்கா


மாணவியர் விடுதி, பதுளை
18.07.2024, வியாழன்

அம்மா, அம்மா,

இது ஞாயிறுக்கு முன் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். சிஸ்டரிடம் அழுது கேட்டு அலுவலகத்துப் போனில் நேற்றும் இன்றும் அடித்துப் பார்த்தேன். உங்கள் போனுக்கு லைன் போகவே இல்லை. சாமியின் நம்பர் யாரிடமும் இல்லை.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன் என்று எழுதினேனே, அது பொய். பெரியப்பா கேட்ட உடனேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு அனுப்பிய அதே பக்கம். கீழே, "என் தாயார் இப்போது இந்த நிலையில் இருக்கிறார்" என்று ஒரு வரியும் சேர்த்து, என் கையெழுத்தையும் வைத்தேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். மூன்றாம் ஓலைக்கு முன் சாமியிடம் கொடுக்கப் போகிறார்.

நேற்று அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அவ்வளவுதான் அம்மா, ஒரு பக்கம் திருப்பினேன். "ஆயினும், ஆராய்ந்து பார்த்தபோது பெரும்பாலானோரிடம் இத்தகைய நெருக்கடி எதுவும் காணப்படவில்லை. நடுவயதில் நேரும் மாற்றங்களில் பல, ஆழ்ந்து யோசித்து எடுத்த முடிவுகளே" என்று இருக்கிறது. நான் எனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டேன். பரீட்சையில் இப்படி எழுதினால் எனக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது.

கலியாணம் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிடிக்கவில்லை. ஆனால் உங்களுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று என் கையால் எழுதியிருக்கிறேன். சாமியிடம் அது பொய் என்று சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

அனுஷ்கா


பூனாகலை
22.07.2024, திங்கள்

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறேன். நேற்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டேன். நீ சாப்பிட்டாயா?

உன் வியாழக்கிழமைக் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பூசையில் மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. சனம் ஒன்றையொன்று பார்த்தது. முடிந்ததும் சாமி என்னையும் பெரியப்பாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு காகிதம் இருந்தது. தூரத்தில் நிற்கும்போதே உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. வாசித்தேன். சாமி நாற்காலியைத் தள்ளிப் போட்டார். நான் உட்காரவில்லை.

"மக எழுதுனதா இருதயம்மா?" என்றார்.

"ஆமாங்க சாமி. அவ பொய் எழுத மாட்டா. பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும். ஆனா அதுல சிலர்னு போட்டிருக்குங்க. இருதயம்மான்னு போடல்ல."

பெரியப்பா, "அவனுக்கு நாப்பத்தொண்ணு. நீ கெழவியாகி ஒக்காரும்போது அவன் மைனர் மாதிரி திரிவான். அப்ப என்னா செய்வே?" என்றார்.

"திரியிறதுக்குத் தெம்பு இருந்தா எனக்கு ஒரு வாய் தேத்தண்ணியும் ஊத்தித் தருவாருல்ல" என்றேன். சாமி இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு பெரியப்பாவிடம் சொன்னேன். "நீங்க எட்டு வருசம் வெறகு பொளந்து குடுத்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா அந்த வெறகுக்காக நான் இந்த அடுப்புக் கிட்டயே ஒக்காந்து கெழவியாக முடியாதுங்க." அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். படியில் நின்று கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் பின்னால் போகவில்லை.

சாமி, "மக மனசு சரியாகும் வரைக்கும் ஓலைய நிப்பாட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க சாமி. அவ மனசு அவளோடது. நான் என் மனசைத்தான் கொண்டுவந்திருக்கேன். வர்ற ஞாயிறு வாசிங்க" என்றேன். பதுளைச் சாமிக்குச் சனிக்கிழமையே போன் பண்ணி அங்கேயும் நிறுத்தியிருந்தாராம். இரண்டு கோயிலிலும் இருபத்தெட்டாம் தேதி.

நீ எழுதிய மறுபக்கத்தையும் படித்தேன். நல்ல பக்கம். நேற்று அது இல்லாமலே பேசிவிட்டேன்.

என் மேல் உனக்குக் கோபம் இருக்கட்டும். உனக்காக நான் எதை வேண்டுமானாலும் விடுவேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இதை விட மாட்டேன். இதை உன்னிடம் எழுதுவதுதான் எனக்குச் சாமியிடம் பேசியதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கேட்க முடியாமல் எழுந்து போக வேண்டியிருந்தால், முன் வாங்கில் இருக்காதே. கதவுக்குப் பக்கத்தில் இரு. எல்லோரும் பார்க்காமல் போய்விடலாம்.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். பதுளையிலும் குளிர் தொடங்கிவிட்டதாம்.

அம்மா


மாணவியர் விடுதி, பதுளை
28.07.2024, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன். உங்கள் கோயிலில் வாசித்து முடிந்திருக்கும். எப்படி நடந்தது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

சிஸ்டரிடம் கேட்டுக் கதவருகே உட்கார்ந்தேன். ஷிரோமியும் வந்து பக்கத்தில் இருந்தாள். "ஓடுறதுன்னா சொல்லு, நானும் ஓடியாறேன்" என்றாள். எனக்குப் பூசையில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

சாமி காகிதத்தை எடுத்தார். முதலில் வேறொரு சோடி. பிறகு ஜீவராஜ். பிறகு பூனாகலை. பிறகு அப்பாவின் பேர். பிறகு உங்கள் பேர். "இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள்..." என்றபோது முன் வாங்கிலிருந்து விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததால் மற்றவர்களும் பார்த்தார்கள். உங்களைப் பற்றி என்னென்னவோ பேசியிருப்பார்கள், அம்மா. அந்த முகங்களில் தெரிந்தது. எனக்காகப் பரிதாபப்படுகிற முகங்கள். உங்களுக்கு என்னவோ ஆகிவிட்ட மாதிரியான முகங்கள்.

நான் எழுந்துவிட்டேன். வெளியே போகத்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். கதவு திறந்துதான் இருந்தது. கால் போகவில்லை.

சாமி வாசிப்பதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன மகள்? ஏதும் தடை சொல்லவா?" என்றார்.

"இல்லீங்க சாமி."

"அப்ப என்ன?"

புத்தகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அது எங்கம்மா, சாமி" என்றேன். சத்தம் போதாது போல இருந்தது. இன்னொரு தடவை எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "இருதயம்மா எங்கம்மா."

சாமி கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். பிறகு, "சரி, இரு மகள்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வாசித்து முடித்தார்.

நான் இருந்தேன்.

மகள்,
அனுஷ்கா